தளம் ஒழுகினால் எத்தனை நாள் வேலை?

தளம் ஒழுகுகிறது என்று கொத்தனாரைக் கூப்பிடும் எவரும் முதலில் கேட்பது, “எத்தனை நாளில் முடியும்?” என்றுதான். மூன்று நாள், நான்கு நாள் என்று பதில் வரும். ஆள் நின்று செய்யும் வேலைக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரி. ஆனால் காங்கிரீட் தளத்தைப் பழுதுபார்க்கும் காலத்தில் பெரும்பகுதி, யாரும் வேலை செய்யாத நாட்கள்தான்: சிமென்ட் இறுகுவதற்கும், தண்ணீர் தேக்கிச் சோதிப்பதற்கும், ஈரம் உலர்வதற்கும் ஆகும் நாட்கள். இவற்றை வீண் என்று வெட்டிவிடுவதே, சரிசெய்த தளம் மறுபடி ஒழுகுவதற்கு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. தூத்துக்குடி மாவட்டத்து மாப்பிள்ளையூரணி போன்ற கடலோர ஊரில் இது இரண்டு மடங்கு உண்மை.

காரணம் உப்பு. நல்ல காங்கிரீட்டில் சிமென்டின் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். தூத்துக்குடிக் கரையின் காற்றும் ஈரமும் உள்ளே கொண்டுசெல்லும் உப்பு அந்தப் படலத்தை அழித்துவிடும். பிறகு கம்பி துருப்பிடிக்கும். அந்தத் துரு, முன்பிருந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் வீட்டுக்குள் அண்ணாந்து பார்த்தால் கம்பி ஓடும் வரிசையிலேயே கீறல் தெரிகிறது, காங்கிரீட் பாளம் பாளமாக விழுகிறது. 2000இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 456 என்ற இந்தியக் காங்கிரீட் விதிநூல், கடலோரச் சூழலுக்கு வெளிப்படும் காங்கிரீட்டில் கம்பியை மூடி 45 மி.மீ. கனம் வேண்டும் என்கிறது. வெயிலும் மழையும் உப்புக்காற்றும் படாத இடத்துக்கு 20 மி.மீ. போதும். பழைய வீடுகளில் 45 மி.மீ. இருக்கும் என்று நம்ப இடமில்லை.

ஆகவே மேலே ஒழுகல், கீழே துரு என்று நோய் இரண்டு. முதல் வேலை சுத்தியலால் தட்டிப் பார்ப்பது. பிடிப்பு விட்ட இடம் பொள்ளென்று ஒலிக்கும். முட்டுக் கொடுத்து, அந்த இடத்தைக் கம்பியின் பின்பக்கமும் வெளியே தெரியும் அளவுக்கு உடைத்தெடுக்க வேண்டும். துருவைக் கம்பிப் பிரஷால் தேய்த்தெடுத்து, மெலிந்துபோன கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, அதன் பிறகே கலவை வைக்க வேண்டும். விழுந்த இடத்தை மட்டும் பூசிவிட்டுப் போனால், பக்கத்தில் உப்பேறி நிற்கும் பழைய காங்கிரீட்டில் துரு முன்னைவிட வேகமாகப் பிடிக்கும். ஒட்டுப்போட்ட இடம் உறுதியாக இருக்க, அதன் ஓரம் விழுவது இதனால்தான். இந்த உடைப்பும் பூச்சும் நான்கைந்து நாள் வேலை. பிறகு குறைந்தது 7 நாள், வறண்ட வெயில் காலத்தில் 10 நாள், சிமென்ட் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். மாடியில் பாத்தி கட்டி இரண்டு நாளாவது தண்ணீர் நிறுத்தி, கீழே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அது உலர்ந்தபின் நீர்த்தடுப்புப் பூச்சு. அதன்மேல் வடிகுழாயை நோக்கிச் சரிவு கொடுத்துத் தட்டோடு. எல்லாம் சேர்த்தால் மூன்று வாரத்துக்குக் குறையாது, ஒரு மாதமும் ஆகலாம். ஓட்டு வீட்டுக்கு இவ்வளவு வேண்டாம். உடைந்த ஓட்டை மாற்றுவது ஒரு நாள் வேலை. சட்டங்கள் உளுத்திருந்தால்தான் நாள் கூடும்.

ஒரே நாளில் அடித்துவிடும் பெயின்ட் இருக்கும்போது இவ்வளவு எதற்கு என்று கேட்பார்கள். உறுதியான தளத்தில் மயிரிழைக் கீறல் மட்டும் இருந்தால் அதுவே போதும். ஈரத் தளத்தில் அடித்தால் கொப்புளம் கட்டி உரியும். துருப்பிடித்த தளத்தில் அடித்தால் நோயை உள்ளே வைத்து மூடியதாகும். தினக்கூலிக் குடும்பம் ஒரு மாதம் வீட்டைக் காலிசெய்து எங்கே போகும் என்பது இதைவிட வலுவான கேள்வி. ஆனால் காத்திருக்கும் நாட்களில் வீட்டைக் காலிசெய்யத் தேவையில்லை. அடிப்பக்கம் உடைக்கும் சில நாட்கள் மட்டும், அதுவும் அறை அறையாக ஒதுக்கினால் போதும். அந்த நாட்களுக்குக் கூலியும் இல்லை. செலவு என்றால் தண்ணீருக்குத்தான், அதில் மட்டும் சிக்கனம் கூடாது. கம்பியுள்ள காங்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கிராமைத் தாண்டக் கூடாது என்பது அதே விதிநூலின் வரம்பு. உவர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் கலந்தால், உடைத்தெடுத்த உப்பைத் திரும்ப உள்ளே வைக்கிறோம். லாரித் தண்ணீருக்குக் கொடுக்கும் காசு இந்த வேலையின் மிக நியாயமான செலவு.

மழை எவ்வளவு வரும் என்று இனி யாரும் பழைய அளவில் கணக்குப் போட முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இதே மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடித்துக்கொண்டால் உலர்த்தவும் முடியாது, உடைக்கவும் முடியாது. அதனால் புரட்டாசியில் கொத்தனாரைத் தேடாதீர்கள். பங்குனியிலேயே தளத்தைத் தட்டிப் பாருங்கள். ஆவணிக்குள் தட்டோடு பதித்து முடித்துவிடுங்கள்.