சைகைமொழிகளில் பன்மையும் வினையடுக்கும்

முன்னுரை

சைகைமொழி பேச்சுமொழியின் நிழலன்று, தனக்கென அமைப்புடைய மொழி என்பதை வில்லியம் ஸ்டோக்கோ 1960இல் அமெரிக்கச் சைகைமொழியைக் கொண்டு எடுத்துரைத்தார். இந்திய, பாகிஸ்தானியச் சைகை வழக்கின் இலக்கணத்தை உல்ரிக்க செஷான் 2000இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். பன்மையைக் காட்டவும் ஒரு வினை மீண்டும் மீண்டும் நிகழ்வதைக் காட்டவும் சைகைமொழிகள் அடுக்கினைப் பயன்படுத்துகின்றன. ஓர் உத்தி இரு பொருளை எங்ஙனம் பிரித்துணர்த்துகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் பன்மையும்

'மாடு வந்தது', 'மாடு வந்தன' என்னும் தொடர்களில் பெயர் மாறவில்லை. வினைமுற்றே எண்ணை உணர்த்துகிறது. இத்தகைய பெயரை நன்னூல் மரபு பால்பகா அஃறிணைப் பெயர் என்னும். இந்தியச் சைகைமொழியிலும் பெரும்பாலான பெயர்கள் பன்மைக்கென வடிவம் மாறுவதில்லை; எண்ணுப்பெயரோ, 'பல' என்னும் சைகையோ, வினையோ பன்மையைக் காட்டும். ஜெர்மன் சைகைமொழியில் சில பெயர்கள் அடுக்கிப் பன்மை உணர்த்தும். அங்கும் உடலைத் தொட்டு நிகழும் பெயர்ச்சைகைகள் அடுக்குவதில்லை. எண்ணுப்பெயர் உடன்வரின் பெயர் அடுக்காது என்பதையும் பாவ், ஸ்டைன்பாக் ஆகியோர் காட்டியுள்ளனர். 'பத்து மாடு' என்னும் தமிழ் வழக்கு இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

வினையும் அடுக்கும்

திருக்கடையூர்க் கோயிலில் ஒரே நாளில் தம்பதியர் பலர் மணிவிழாக் காண்பர். 'குருக்கள் அவர்களுக்குப் பிரசாதம் கொடுத்தார்' என்பதைச் சைகையில் கூறுவதாகக் கொள்வோம். சைகைமொழிகளில் பரவலாகக் காணப்படும் முறைப்படி, பெறுவோர் ஒவ்வொருவர்க்கும் சைகையாளரின் முன்னுள்ள வெளியில் ஓரிடம் முதலில் குறிக்கப்படும். 'கொடு' என்னும் சைகை அவ்விடங்களை நோக்கி நகரும். இடந்தோறும் தனித்தனியே நகர்ந்தால் 'ஒவ்வொருவர்க்கும் கொடுத்தார்' என்பது பொருள். இடையறாது ஒரே வளைவாக நகர்ந்தால் 'அனைவர்க்கும் கொடுத்தார்' என்பதாம். ஓரிடத்தையே நோக்கித் திரும்பத் திரும்ப நகர்ந்தால் 'ஒருவர்க்கே பலமுறை கொடுத்தார்' என்றாகும். ஆகவே, இடம் மாறும் அடுக்கு பெறுவோரின் பன்மையையும், இடம் மாறா அடுக்கு வினையின் பன்மையையும் உணர்த்துகின்றன. வேகமும் பொருள் தரும். அமெரிக்கச் சைகைமொழியில் விரைவான அடுக்கினையும் மெதுவான அடுக்கினையும் சூசன் ஃபிஷர் 1973இல் வேறுபடுத்தினார். முன்னது வழக்கமான செயலைக் குறிக்கும்.

முடிவுரை

தமிழில் 'கொடுத்துக் கொடுத்து' என்னும் அடுக்கு வினையின் தொடர்ச்சியை மட்டுமே காட்டும். பெறுவோர் எண்ணிக்கைக்குத் தனிச்சொல் வேண்டும். சைகையிலோ இரண்டும் ஒரே அசைவில் அமைகின்றன. பாடநூல்களைச் சைகைமொழியில் ஆக்க இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2020இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. இச்சூழலில், மாணவரின் சைகையடுக்கைத் தமிழாசிரியர் வெறும் அழுத்தமாகக் கொண்டால், அம்மாணவர் தெளிவாகக் கூறிய எண் ஆசிரியரைச் சென்றடையாது. அடுக்கு நிகழும் இடத்தை நோக்குவதே அதன் பொருளை அறியும் வழியாகும்.