எஸ்தோனியாவில் வரவேற்பு, கொரியாவில் வழியனுப்பு!

'சாட்ஜிபிடி' என்னும் யந்திர மூளை 2022 நவம்பர் 30-ஆம் தேதி வெளியுலகத்துக்கு வந்தது. ஆனால் போன தேசங்களிலெல்லாம் அதற்கு ஒரே மாதிரி உபசாரமா நடந்தது? இத்தாலி 2023 மார்ச் முடிவில், ஜனங்களின் சொந்த விவரங்கள் பத்திரமாயில்லை என்று வாசலிலேயே தடுத்து நிறுத்திவிட்டது. சில திருத்தங்கள் செய்த பிறகு, ஒரு மாதம் கழித்துத்தான் கதவு திறந்தது.

பள்ளிக்கூடங்களில் நடந்த கதை இன்னும் விசித்திரம்.

பால்டிக் கடலோரத்தில் இருக்கும் எஸ்தோனியாவின் ஜனத்தொகை சுமார் பதின்மூன்றரை லட்சந்தான். 1991-ல் சோவியத் பிடியிலிருந்து விடுபட்ட அந்தக் குட்டி தேசம், 1996-லேயே 'புலிப் பாய்ச்சல்' என்று பெயரிட்டுப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டரும் இண்டர்நெட்டும் கொடுக்கக் கிளம்பியது. அந்தப் புலி 2025-ல் ஒரு குட்டி போட்டது. அதற்குப் பெயர் 'நுண்ணறிவுப் பாய்ச்சல்'! 10, 11-ஆம் வகுப்புகளில் சுமார் 20,000 மாணாக்கர்களுக்கான திட்டம் இது. உபாத்தியாயர்களுக்கும் இதில் பயிற்சி உண்டு. பையன்கள்தான் வீட்டில் ஏற்கெனவே உபயோகிக்கிறார்களே. பாவம், வாத்தியார் மட்டும் விழிக்கலாமா?

தென்கொரியாவுக்கு வாருங்கள். தொழிற்சாலைகளில் 10,000 தொழிலாளிகளுக்கு 1,012 ரோபோக்கள் என்பது 2023-ஆம் வருஷக் கணக்கு. உலகத்திலேயே முதலிடம்! யந்திரமென்றால் அஞ்சுகிற ஜனங்கள் அல்ல. அங்கே 2025 மார்ச்சில் கணிதம், இங்கிலீஷ், கம்ப்யூட்டர் ஆகிய பாடங்களுக்கு நுண்ணறிவுப் பாடப் புத்தகம் வந்தது. பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று பார்த்து, அவனுக்கேற்ற கணக்கைக் கொடுக்குமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது!

ஆனால் தாய் தகப்பன்மார் முந்திய வருஷமே ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகளுடன் மனுப் போட்டிருந்தார்கள். நாள் முழுதும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைக்குப் படிக்கும் பழக்கம் எப்படி வரும் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலை என்றே எனக்குத் தோன்றுகிறது. கட்டாயம் என்று ஆரம்பித்த சர்க்கார், இஷ்டப்பட்ட பள்ளிகள் எடுத்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தது. புத்தகத்தில் பிழைகள் என்றும், வேலை குறைவதற்குப் பதில் கூடிவிட்டது என்றும் வகுப்பறைகளிலிருந்து புகார்கள் கிளம்பின. ஜூனில் ஆட்சி மாறிற்று. ஆகஸ்டில் பார்லிமெண்ட் சட்டத்தைத் திருத்தி, பாடப் புத்தகம் என்ற அந்தஸ்தையே பறித்துவிட்டது. அரங்கேறி ஆறு மாதம்கூட ஆகவில்லை! அதுமுதல் அது வெறும் துணைச் சாதனம். பணத்தைக் கொட்டிய பதிப்பாளர்கள் திகைத்து நின்றார்கள்.