கடதாசிக் குழாயில் ஒரு குவிமாடம்



பாடசாலைகளில் விஞ்ஞானச் செயற்றிட்டங்கள் தொடங்கும் காலங்களில் எங்கள் வானொலிக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரு கேள்வி அடிக்கடி இருக்கும். "பிள்ளை பிரெஞ்சில் படிக்குது, எங்களுக்குப் பாசை போதாது, நாங்கள் என்னெண்டு உதவி செய்யிறது?" என்று தாய்மார் கேட்பார்கள். நான் தொழிலால் கணக்காளன், பொறியியலாளன் அல்லன். ஆனாலும் பாசை அதிகம் தேவைப்படாத, செலவும் அநேகமாக இல்லாத ஒரு செயற்றிட்டத்தை இம்மாதப் பேச்சில் விளக்கினேன். அளவுகளை எழுத்தில் தரும்படி பலர் கேட்டதால் இங்கே முழுமையாகத் தருகிறேன்.

பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டி, சிறுபிள்ளை உள்ளே இருக்கக்கூடிய ஒரு குவிமாடம் கட்டுவதுதான் அந்த வேலை. இதன் பெரிய அண்ணன் எங்கள் நகரத்திலேயே நிற்கிறது. ஜாக் கார்ட்டியே பாலத்தால் போகும்போது செயின்ற் ஹெலன் தீவில் வலை பின்னியதுபோல ஓர் உருண்டை தெரியுமே, அதுதான். பியர்பொன்ட்ஸில் பல வருடம் இருந்தும் அதைத் தூரத்தில் மட்டும் பார்த்த குடும்பங்கள் எங்களில் பல உண்டு.

அந்த உருண்டை 1967ஆம் ஆண்டு மொன்றியலில் நடந்த எக்ஸ்போ 67 உலகக் கண்காட்சிக்காக, அமெரிக்காவின் கூடமாகக் கட்டப்பட்டது. வடிவமைத்தவர் பக்மின்ஸ்ரர் புல்லர் (1895–1983). அதன் விட்டம் 76 மீற்றர், உயரம் 62 மீற்றர். உள்ளே ஒரு தூணும் கூரையைத் தாங்கவில்லை. கண்காட்சிக்கு வந்தவர்களை ஏற்றிய சிறு ரயில் அதன் வயிற்றுக்குள்ளால் ஓடியது. இந்த வகைக் கட்டடத்தை ஜியோடெசிக் குவிமாடம் என்பார்கள். ஜெர்மனியின் யேனா நகரில் 1920களிலேயே இதே முறையில் ஒரு கோளரங்கக் கூரை கட்டப்பட்டிருந்தது. ஆனால் அதை உலகறியச் செய்தவரும், 1954இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவரும் புல்லர்.

கண்காட்சி முடிந்தபின் கூடம் மொன்றியல் நகரத்துக்குக் கிடைத்தது. 1976 மே 20ஆம் திகதி திருத்த வேலையின்போது தீப்பிடித்து, இரும்புச் சட்டத்தை மூடியிருந்த ஒளிபுகும் அக்றிலிக் தோல் முழுவதும் எரிந்துபோனது. ஆனால் சட்டம் விழவில்லை. பல வருடங்கள் வெறும் எலும்புக்கூடாக, மழையிலும் பனியிலும் நின்றது. 1995இல் அதற்குள் சுற்றாடல் நூதனசாலை திறக்கப்பட்டது. இன்றும் மேலே தோல் கிடையாது. ஆகவே அந்தக் கட்டடத்தின் பலம் முழுவதும் அந்தக் குழாய்களிலும் அவை சந்திக்கும் இடங்களிலும்தான் இருக்கிறது. அது எப்படி என்பதைத்தான் பிள்ளைக்கு விளங்கப்படுத்த வேண்டும்.

முதலாவது, முக்கோணம். நான்கு தடியை எடுத்துச் சதுரமாகக் கட்டி, ஒரு மூலையைப் பிடித்து அமத்துங்கள். அது சரிந்து கோணலாகும். மூன்று தடியை முக்கோணமாகக் கட்டி அமத்துங்கள். தடி முறிந்தாலொழிய அதன் வடிவம் மாறாது. இதை எங்களுக்கு யாரும் புதிதாகப் படிப்பிக்கத் தேவையில்லை. ஊரில் படலை தொங்கத் தொடங்கினால் மூலைக்கு மூலை குறுக்கே ஒரு தடி வைத்துக் கட்டினோம். பந்தல் காலுக்குச் சாய்வாக மிண்டு கொடுத்தோம். கூரையின் கைமரமும் வளையும் சேர்ந்தால் முக்கோணம். சைக்கிளின் சட்டத்திலும் முக்கோணம். சதுரத்துக்குள் ஒரு தடியைப் போட்டு இரண்டு முக்கோணமாக்கும் கணிதத்தைத்தான் எங்கள் கைகள் செய்துகொண்டிருந்தன.

இரண்டாவது, குழாய். ஒரு தாளை நிமிர்த்தி நிறுத்தப் பாருங்கள், மடிந்து விழும். அதையே குழாயாகச் சுருட்டி ஒட்டி நிறுத்தினால் மேலே புத்தகம் வைக்கலாம். தாளின் அளவு கூடவில்லை. ஆனால் குழாயில் தாள் நடுக்கோட்டிலிருந்து எல்லாப் பக்கமும் விலகி நிற்பதால், எந்தப் பக்கமும் இலகுவாக வளைய முடியாது. மூங்கில் உள்ளே வெறுமையாக இருந்தும் பலமாக நிற்பது இதனால்தான்.

மூன்றாவது, உருண்டை. ஒரே அளவான ஆறு முக்கோணங்களை ஒரு புள்ளியைச் சுற்றி அடுக்கினால் அவை மேசையில் தட்டையாகக் கிடக்கும். ஒன்றை எடுத்துவிட்டு ஐந்தை மட்டும் இழுத்துச் சேர்த்தால், நடுப்புள்ளி கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோல மேலெழும். ஐந்து சேரும் இடங்கள்தான் வளைவைத் தருகின்றன. முழு உருண்டைக்கு அப்படிப் பன்னிரண்டு இடம் வேண்டும். கால்பந்தில் உள்ள ஐங்கோணத் துண்டுகளை எண்ணச் சொல்லுங்கள், அங்கும் பன்னிரண்டுதான். 1985இல் கண்டுபிடிக்கப்பட்ட, அறுபது காபன் அணுக்கள் கொண்ட மூலக்கூறும் இதே வடிவம். அதனால்தான் அதற்குப் புல்லரின் பெயரை வைத்தார்கள். அதைக் கண்டுபிடித்த மூவருக்கு 1996இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மூன்றும் சேரும்போது, உச்சியில் வைக்கும் பாரம் ஒரு தடியில் மட்டும் நிற்காது. பக்கத்துத் தடிகளுக்குப் பிரிந்து, அவற்றிலிருந்து அடுத்தவற்றுக்குப் போய், கடைசியில் நிலத்தில் இறங்கும். சீட்டில் ஒரு பெரிய தொகையைப் பலர் பங்கு போட்டுச் சுமப்பது போலத்தான் இதுவும்.

இனி வேலைக்கு வருவோம். வேண்டியவை: பழைய பத்திரிகை, ஒட்டுநாடா, அடிமட்டம், கத்தரிக்கோல், ஆணி, சுத்தியல், மெல்லிய கட்டுக்கம்பி. பாண் பையைக் கட்டி வரும் சிறு கம்பிகளைச் சேர்த்து வைத்திருந்தால் அவையும் உதவும்.

தமிழ்க் கடைகளில் கிடைக்கும் சிறிய அளவுப் பத்திரிகையின் தாளை விரித்து, இரண்டு தாளை ஒன்றாக வைத்து, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இறுக்கமாகச் சுருட்டுங்கள். பென்சிலைவிடச் சற்றுப் பெரிய பருமன் போதும். கடைசி மூலையை ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். இப்படி 65 குழாய் வேண்டும். இரண்டு தாள்படி 130 தாள். 32 பக்கப் பத்திரிகை ஒன்றில் விரித்த தாள் எட்டு இருக்கும். ஆகவே 17 பத்திரிகை சேர்த்தால் கணக்குச் சரி.

குழாய்கள் இரண்டு அளவு. நெடியது 35, குட்டையானது 30. நெடியதை 56 சென்ரிமீற்றரிலும் குட்டையானதை 50 சென்ரிமீற்றரிலும் வெட்டுங்கள். இரு முனையையும் நசுக்கித் தட்டையாக்கி, முனையிலிருந்து 3 சென்ரிமீற்றர் உள்ளே, பலகை மேல் வைத்து ஆணியால் துளையிடுங்கள். துளைக்குத் துளை நெடியதில் 50, குட்டையானதில் 44 சென்ரிமீற்றர் வரும். இந்த இடைவெளிதான் முக்கியம். வேறு அளவில் கட்ட விரும்பினால், நெடியதின் துளை இடைவெளியை 0.88ஆல் பெருக்கினால் குட்டையானதின் இடைவெளி வரும். இரண்டு அளவுக்கும் வேறு வேறு நிறம் பூசிவைத்தால் மாறிப்போகாது.

கட்டும் ஒழுங்கு இது:

1. பத்து நெடிய குழாய்களை நிலத்தில் வட்டமாக வைத்து, துளைகளால் கம்பி கோத்து முடிச்சிடுங்கள். இது அடி வளையம்.

2. அடி வளையத்தின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு நெடியதையும் ஒரு குட்டையானதையும் சேருங்கள். சுற்றிவரப் பார்க்கும்போது இரண்டு நெடியது பக்கத்தில் பக்கத்தில், பிறகு இரண்டு குட்டை, மறுபடி இரண்டு நெடியது என்று வர வேண்டும்.

3. பக்கத்தில் உள்ள இரண்டு நெடியதின் மேல்முனைகளைச் சேருங்கள். அவ்வாறே இரண்டு குட்டையானதையும் சேருங்கள். பத்து முக்கோணம் எழும்பும்.

4. அந்தப் பத்து உச்சிகளையும் பத்துக் குட்டைக் குழாய்களால் சுற்றிவர இணையுங்கள். இப்போது சுவர் உட்பக்கம் சாயத் தொடங்கும். இந்தக் கட்டத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

5. நான்கு குட்டைக் குழாய்கள் சந்திக்கும் மூட்டுகள் ஐந்து இருக்கும். ஒவ்வொன்றிலும் ஐந்தாவதாக ஒரு குட்டையை மேல்நோக்கிச் சேருங்கள். அதன் மேல்முனையை இருபக்கத்து மூட்டுகளுடனும் நெடிய குழாய்களால் இணையுங்கள்.

6. அந்த ஐந்து மேல்முனைகளையும் ஐந்து நெடியதால் வளையமாக்குங்கள். மிஞ்சும் ஐந்து குட்டையும் உச்சியில் ஒரே புள்ளியில் சேரும்.

கணக்கைச் சரிபார்ப்போம். நெடியது: 10, 10, 10, 5. மொத்தம் 35. குட்டை: 10, 10, 5, 5. மொத்தம் 30. மூட்டுகள் 26, முக்கோணங்கள் 40. கையில் ஒரு குழாய் மிஞ்சினாலோ குறைந்தாலோ எங்கோ ஓரிடம் மாறிவிட்டது என்று அர்த்தம். அதைத் தேடிப் பிடிப்பதும் பிள்ளைக்கு நல்ல படிப்பு.

முடிந்தபின் அடியில் விட்டம் ஏறத்தாழ 1 மீற்றர் 60, உயரம் 80 சென்ரிமீற்றர். எங்கள் அடுக்குமாடி வீடுகளின் இருப்பறையில் கொள்ளும். கடைசி ஐந்து குழாயும் சேரும்வரை அது ஆடிக்கொண்டே இருக்கும். சேர்ந்ததும் விறைத்து நிற்கும். அந்த மாற்றத்தைப் பிள்ளை கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு உச்சி மூட்டில் ஒரு பையைத் தொங்கவிட்டு, புத்தகங்களை ஒவ்வொன்றாகப் போட்டு, எத்தனையில் வளைகிறது என்று எழுதச் சொல்லுங்கள். அதுதான் செயற்றிட்டத்தின் பரிசோதனை. மேலே ஒரு பழைய சேலையைப் போர்த்தினால் விளையாட்டு வீடு. ஆனால் உள்ளே விளக்கோ மெழுகுதிரியோ ஹீற்றரோ கூடவே கூடாது. இது கடதாசி.

இந்தக் குவிமாடம் எல்லாவற்றுக்கும் ஏற்ற வீடு என்று நான் சொல்லவில்லை. 1960களிலும் 70களிலும் வட அமெரிக்காவில் பலர் இப்படி வீடு கட்டினார்கள். முக்கோணங்களின் பொருத்துகளால் மழை ஒழுகியது. வளைந்த சுவரோடு அலுமாரியைச் சேர்த்து வைக்க முடியவில்லை. பெரும்பாலானவர்கள் நேரான சுவருக்கே திரும்பினார்கள்.

ஆனால் கடதாசிக் குழாயை விளையாட்டுச் சாமான் என்று தள்ளிவிடவும் முடியாது. ருவாண்டாவின் அகதி முகாம்களில் கூடாரம் அடிக்கத் தடி இல்லாமல் மக்கள் காடுகளை வெட்டினார்கள். அலுமினியத் தடி கொடுத்தபோது அதை விற்றுக் காசாக்கினார்கள். முகாமில் இருந்தவனுக்குக் காசின் அருமை தெரியும், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அப்போது ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகேரு பான், ஐ.நா. அகதிகள் உயர் ஆணையத்திடம் தடித்த கடதாசிக் குழாயால் சட்டம் செய்யலாம் என்று முன்வைத்தார். அப்படியான தங்குமிடங்கள் அங்கே கட்டப்பட்டன. 1995இல் கோபே நகர நிலநடுக்கத்துக்குப் பின்னும், 2001இல் குஜராத் நிலநடுக்கத்துக்குப் பின்னும் அவர் கடதாசிக் குழாய்ச் சுவரால் வீடுகள் கட்டிக் கொடுத்தார். சுனாமிக்குப் பின் இலங்கையின் கிரிந்தையிலும் வீடுகள் அமைத்தார், அவை மண்கல் வீடுகள். 2014இல் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு அவருக்குக் கிடைத்தது.

கிடுகும் தறப்பாளும் எங்களில் பலருக்குக் கதையல்ல, இருந்து வந்த இடம். காற்றில் விழாமல் ஒரு கொட்டிலை நிறுத்தத் தெரிந்த அப்பாவும் அம்மாவும் தங்களுக்கு விஞ்ஞானம் தெரியாது என்று பிள்ளையின் மேசைக்குப் பக்கத்தில் வராமல் நிற்கத் தேவையில்லை. அறிக்கையைப் பிள்ளை பிரெஞ்சில் எழுதட்டும். எங்கே மிண்டு கொடுக்க வேண்டும் என்பதை நீங்கள் தமிழில் சொல்லுங்கள். வீட்டில் அப்பம்மாவோ தாத்தாவோ இருந்தால், ஊரில் படலை கட்டிய விதத்தை அவர்களிடம் கேட்டு அறிக்கையில் ஒரு பக்கம் சேர்க்கலாம்.

வேலை முடிந்த பிறகு ஒரு நாள் மெற்றோவின் மஞ்சள் தடத்தில் ஜோன் டிராப்போ நிலையத்தில் இறங்கி, பெரிய உருண்டைக்குக் கீழே போய் நில்லுங்கள். ஐந்து குழாய் சேரும் மூட்டு எங்கே இருக்கிறது என்று பிள்ளையைத் தேடச் சொல்லுங்கள். அதன் வெளிப்படை முக்கோணமும் உட்படை அறுகோணமுமாக இருப்பதால் கொஞ்சம் நேரம் எடுக்கும். கண்டுபிடித்துவிடுவார்கள்.