பொதிமாட்டுக் கணக்கு

திருவெறும்பூர்க் குன்றின் மேல் எறும்பீஸ்வரர் கோயில். படியேறி வருகிறவர்கள் தேவர்கள் எறும்பாக வந்து ஈசனை வழிபட்ட கதையைக் கேட்டுவிட்டு, மேற்கே தெரியும் மலைக்கோட்டையைப் பார்த்துவிட்டு இறங்குவார்கள். இதே கோயில் 1752-ல் பிரெஞ்சுப் படையின் காவல் நிலையாக இருந்ததும், கேப்டன் டால்டன் என்ற ஆங்கிலேயர் வந்து அதைப் பிடித்ததும் தலபுராணத்தில் வராத சங்கதி. எறும்பீஸ்வரம் என்ற பெயரை ஆங்கிலேயர்கள் ‘எல்மிசரம்’ என்று எழுதிவைத்தார்கள். இந்தச் சின்னக் குன்றுக்கு அப்படியொரு அடிதடி ஏன்? தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு அரிசி வரும் வழி இதன் காலடியில் போகிறது.

படைக்குச் சோறு போய்ச் சேரும் அதே கவலைதான் இன்றும். நாடுகளுக்கு இடையே ‘தளவாடப் பரிமாற்ற ஒப்பந்தம்’ கையெழுத்தாகும்போதெல்லாம் அது என்ன என்ற கேள்வி எழுகிறது. இந்தியாவும் அமெரிக்காவும் 2016 ஆகஸ்ட் 29-ல் போட்ட ‘லெமோவா’ இந்த வகையைச் சேர்ந்தது. பிரான்ஸுடன் 2018-லும், ஆஸ்திரேலியா, ஜப்பானுடன் 2020-லும் இதே போன்றவை வந்தன. ஒரு நாட்டின் கப்பலோ விமானமோ இன்னொரு நாட்டின் துறைமுகத்துக்கோ தளத்துக்கோ வந்தால் எரிபொருள், சாப்பாடு, தண்ணீர், தங்கும் இடம், மருத்துவம், பழுதுபார்ப்பு ஆகியவை கிடைக்கும். அதற்கான கணக்கு பிறகு தீர்க்கப்படும். பழைய பட்டாளத் தமிழில் இந்தச் சரக்குகளுக்கெல்லாம் சேர்த்து ‘ரஸ்து’ என்று ஒரே சொல் இருந்தது. ஆக, இது ரஸ்து ஒப்பந்தம். சேர்ந்து சண்டை போடுவதாக இதில் எந்த உறுதியும் இல்லை. படைத்தளம் அமைக்கும் உரிமையும் இல்லை.

இவ்வளவுதானா, லெமோவா கையெழுத்தாக இதற்கா பன்னிரண்டு ஆண்டு இழுபறி என்று கேட்கலாம். கூட்டுச் சேர்ந்த படைகள் தோட்டாவால் பிரிந்ததைவிட ரஸ்துக் கணக்கால் பிரிந்தது அதிகம் என்பது என் கணிப்பு. அதற்குத் திருச்சியைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆற்காட்டு நவாப் பதவிக்கு முகமது அலியும் சந்தா சாகிபும் மோதிக்கொண்ட காலம். 1751-ல் முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தார். வெளியே சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும். முகமது அலி பக்கம் சேர்ந்தவர்களின் பட்டியல் நீளமானது. ஆங்கிலேயக் கம்பெனி, மைசூரின் நஞ்சராஜர், அவர் கூலிக்கு அமர்த்திய முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படை, தஞ்சாவூரிலிருந்து மானோஜியின் படை, புதுக்கோட்டைத் தொண்டைமானின் கள்ளர் படை. நஞ்சராஜரின் பதவிப் பெயர் ‘சர்வாதிகாரி’. இன்றைய பொருளில் அல்ல; அன்று அது மைசூர் அரசில் ஓர் உத்தியோகம்.

ஐந்து தரப்பு, பல மொழி, பல கஜானா. இவர்களுக்குச் சோறு எங்கிருந்து வந்தது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோ அரிசி என்று வைத்துக்கொண்டால், கோட்டையிலும் பாளையத்திலுமாகப் பத்தாயிரம் வாய்க்கு 7,500 கிலோ. ஒரு பொதிமாடு சுமார் 100 கிலோ சுமக்கும் என்றால், தினம் 75 மாடுகள் உள்ளே வந்தாக வேண்டும். குதிரைக்குக் கொள்ளு, பீரங்கி இழுக்கும் காளைக்கு வைக்கோல், வெடிமருந்து, சம்பளப் பணம் எல்லாம் இதற்கு மேல். மாடுகளும் வழியில் தின்னும். ஒரு வாரம் பாதை அடைபட்டால் ஐநூறு மாட்டுச் சுமை பாக்கி விழும்.

இந்தக் கணக்கு முதலில் பிரெஞ்சுக்காரர்களின் கழுத்தைத்தான் இறுக்கியது. 1752-ல் ஆங்கிலேயத் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் வந்து சேர்ந்ததும், பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் தீவுக்குள் போய் உட்கார்ந்தார். ஸ்ரீரங்கம் கோயிலின் மதில்களும் திருவானைக்காவல் கோயிலின் மதில்களும் கோட்டையாகப் பயன்பட்டன. பாதுகாப்பான இடம்தான். ஆனால் இரண்டு பக்கமும் ஆறு. லாரன்ஸுடன் வந்த கிளைவ் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் பாளையம் இறங்கி, புதுச்சேரிச் சாலையை அடைத்துவிட்டார். ரஸ்தும் உதவிப்படையும் கொண்டு வந்த இன்னொரு பிரெஞ்சுப் படை வாலிகண்டபுரத்தில் சரணடைந்தது. ஜூனில் லாவும் சரணடைந்தார். மானோஜியிடம் அடைக்கலம் புகுந்த சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது.

வெற்றிக்குப் பிறகுதான் பில் வந்தது. உதவிக்கு வந்தால் திருச்சியையே தந்துவிடுவதாக முகமது அலி நஞ்சராஜருக்கு ரகசியமாக வாக்குக் கொடுத்திருந்தார். ஆங்கிலேயருக்கு அது முன்பே சொல்லப்படவில்லை. மராட்டியக் குதிரைக்கும் தன் படைக்கும் மாதக்கணக்கில் படியளந்த நஞ்சராஜர், கோட்டைச் சாவியைக் கேட்டார். முகமது அலி இரண்டு மாதத் தவணை சொன்னார். அதுவரை ஸ்ரீரங்கம் தீவின் வருவாயை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். தவணை முடிந்தும் சாவி வரவில்லை. ஏமாந்தது தெரிந்ததும் நஞ்சராஜரும் முராரி ராவும் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தார்கள். பழைய கூட்டாளியே ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு திருச்சிக்கு வரும் அரிசியை மறித்தார். இதில் நஞ்சராஜரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1753 கோடையில் கோட்டைக் காவலிலிருந்த டால்டன் களஞ்சியத்தைச் சோதித்தபோது, மூன்று வாரத்துக்குத்தான் தானியம் இருந்தது. பொறுப்பிலிருந்த நவாபின் உறவினர் மிச்சத்தை விற்றுக் காசாக்கியிருந்தார். லாரன்ஸ் அவசரமாகத் திரும்பி வர, அந்த ஜூனில் பொன்மலையில் பெரும் சண்டை நடந்தது. இன்று ரயில்வே பணிமனை இருக்கும் அதே பொன்மலை.

அதன் பிறகு நகரத்தின் உயிர்நாடி தொண்டைமான் சீமைக் காட்டுப்பாதைதான். பொதிமாடுகளை அந்த வழியில் கூட்டிவருவதில் யூசுப் கான் என்கிற மருதநாயகம் பேர் வாங்கினார். அவரைத் தொலைத்தால் அரிசி நின்றுவிடும் என்று கணக்குப் போட்டு, லாரன்ஸின் மொழிபெயர்ப்பாளரான துபாஷியே பொய்க் கடிதம் ஒன்றைத் தயாரித்து அவரைத் துரோகியாக்கப் பார்த்தார். குட்டு வெளிப்பட்டது, துபாஷி பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார். 1754 பிப்ரவரியில் வந்த ரஸ்துத் தொடர் ஒன்றை முராரி ராவும், அப்போது மைசூர்ப் படையில் இருந்த ஹைதர் அலியும் மடக்கி, காவலுக்கு வந்த ஆங்கிலேயக் கிரனேடியர்களைக் கொன்றோ சிறைபிடித்தோ தீர்த்துவிட்டார்கள். சம்பளம் ஒழுங்காக வராத முராரி ராவ் கடைசியில் தஞ்சை அரசரிடம் பெருந்தொகை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். நஞ்சராஜர் 1755 ஏப்ரல் வரை ஸ்ரீரங்கத்தில் காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு போனார். மைசூரில் சிப்பாய்களின் சம்பள பாக்கி கலகமாக வெடித்தது. அதைத் தீர்த்துவைத்துத்தான் ஹைதர் மேலே வந்தார்.

இப்போது லெமோவாவுக்கு வருவோம். இந்த வகை ஒப்பந்தங்களின் உயிர், விலைப்பட்டியலிலும் தீர்வு முறையிலும் இருக்கிறது. வாங்கிய டீசலுக்குப் பணம் கொடுக்கலாம், அதே அளவு டீசலைத் திருப்பித் தரலாம், அல்லது அதே மதிப்புள்ள வேறு சேவையைச் செய்யலாம். எதையும் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஒவ்வொரு முறையும் கேட்டு, ஒப்புதல் வாங்க வேண்டும். 2020 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் பி-8 விமானம் போர்ட் பிளேரில் இறங்கி எரிபொருள் நிரப்பியது இப்படித்தான். ஒப்பந்தம் இல்லாத 1991-ல், வளைகுடாப் போரின்போது அமெரிக்க ராணுவ விமானங்கள் மும்பையிலும் ஆக்ராவிலும் நம் சென்னையிலும் எரிபொருள் நிரப்பியபோது எழுந்த அரசியல் புயலில் சந்திரசேகர் அரசு அனுமதியை நிறுத்த வேண்டி வந்தது.

பழுதுபார்ப்பு இன்னும் லாபமான தொழில். 2022 ஆகஸ்டில் ‘சார்லஸ் ட்ரூ’ என்ற அமெரிக்கக் கடற்படைச் சரக்குக் கப்பல் காட்டுப்பள்ளி எல் அண்ட் டி தளத்துக்கு வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று பழுதுபார்க்க இந்தியாவுக்கு வந்தது அதுவே முதல் முறை.

சேர்ந்து வாங்குவது வேறு கதை. நேட்டோவுக்கு லக்சம்பர்க்கில் இதற்கென்றே ஒரு முகமை இருக்கிறது; உறுப்பு நாடுகளின் தேவைகளைக் கூட்டி ஒரே ஆர்டராகப் போடும். மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது காய்கறிச் சந்தையிலும் தெரிந்த கணக்கு. உதிரிபாகங்களுக்குப் பதின்மூன்று இலக்க எண் கொடுத்து, எந்த நாட்டுக் கிடங்கில் கேட்டாலும் அதே ஆணி வரும்படி செய்திருக்கிறார்கள். அப்படியும் தடுமாற்றம் உண்டு. உக்ரைனுக்கு ஓராண்டில் பத்து லட்சம் பீரங்கிக் குண்டுகள் தருவதாக ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச்சில் சொன்னது. அந்த ஓராண்டுக் கெடு முடிவில் ஏறக்குறையப் பாதிதான் போய்ச் சேர்ந்தது. பணம் இருந்தால் போதாது, குண்டு வார்க்கும் பட்டறைகளும் இருக்க வேண்டும்.

படைக்கலப் பட்டறைகள் சில நம் எறும்பீஸ்வரர் குன்றைச் சுற்றியும் இருக்கின்றன. 1966-ல் வந்த துப்பாக்கித் தொழிற்சாலை, டாங்கிகளைத் துளைக்கும் குண்டுகளுக்கு டங்ஸ்டன் கலப்புலோகத் தண்டு செய்யும் ஆலை. 2021 அக்டோபரில் இவை இரண்டும் தனித்தனி அரசு நிறுவனங்களின் கீழ்ப் போயின. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் திருச்சியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. வெளிநாட்டு ஆர்டர்களுக்கு இங்குள்ள சிறு பட்டறைக்காரர்களும் ஆசைப்படுவது நியாயமே.

ஆனால் எந்த நாட்டுக் கூட்டாளிக்கு எந்த அளவு? துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்த இன்சாஸ் துப்பாக்கி, நேட்டோ நாடுகள் பயன்படுத்தும் 5.56 மி.மீ. அளவுத் தோட்டாவுக்கானது. அதே தொழிற்சாலையின் ‘டார்’ என்கிற திருச்சி அசால்ட் ரைபிள், பழைய சோவியத் வழிவந்த 7.62 மி.மீ. தோட்டாவைக் கேட்கும். ஒரே மதிலுக்குள் பிறந்த இரண்டு துப்பாக்கிகள். ஒன்றின் தோட்டா மற்றதில் நுழையாது.