தங்கச்சி, நோட்டீஸில் இதையும் எழுது

நயினார்கோவில் கடைத்தெருவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தங்கை ஒருவர் வந்து நின்றார். பக்கத்துச் சிற்றூரின் காலனியைச் சேர்ந்தவர். பட்டப்படிப்பு முடித்திருக்கிறார். மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறார். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்கும் எண்ணம் இருக்கிறது.

"அண்ணே, ரோடு, லைட்டு, தண்ணின்னு எல்லாரும்தான் நோட்டீஸ் அடிக்கிறாங்க. நான் என்னண்ணே எழுதுறது?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. நம் தெருவில் வேட்பாளரிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. "யார் உன்னை நிறுத்தினது?" என்றுதான் கேட்பார்கள். தனித்தொகுதி என்றால் ஊர்ப் பெரியவர்கள் ஓர் ஆளைத் தேடிப் பிடித்து நிறுத்துவார்கள். கையெழுத்து மட்டும் அந்த ஆளுடையதாக இருக்கும், முடிவு அவர்களுடையதாக இருக்கும். அப்படி ஆகக் கூடாது என்று நினைக்கிறவர், தேதி அறிவிக்கும் முன்பே தன் வேலைத்திட்டத்தை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தல் நடக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்புச் சட்டம். நடக்கவில்லை. நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தேர்தல் எப்போது அறிவிக்கப்பட்டாலும், தயாராக இருப்பவருக்கே அது பயன்படும்.

நாற்காலிக்கு நாம் கொடுத்த விலை

மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி 1996-இல் தனித்தொகுதியானது. தலைவராக வென்ற முருகேசன் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு வந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். அந்த ஊரில் பகை எங்கே மூண்டது என்று பார்த்தால், தலைவர் நாற்காலியோடு கண்மாய் மீன் ஏலமும் பொதுச்சொத்தில் உரிமையும் சேர்ந்தே இருக்கின்றன. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் பத்தாண்டுகள் தேர்தலே நடத்த முடியவில்லை. வேட்பு மனு வராது, வந்தாலும் வென்றவர் உடனே பதவி விலகுவார். 2006 அக்டோபரில்தான் அங்கே தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள்.

அதன் பிறகும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2020 சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவர் அமிர்தம் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். ஐந்து நாள் கழித்து, ஆட்சியர் வந்து நின்ற பிறகே ஏற்றினார். அதே ஆண்டு கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளிவந்தது. 2022 ஆகஸ்டில், பட்டியல் சமூகத் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்யும்படி தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

ஆகவே நாற்காலியும் கொடியும் சின்ன விஷயமல்ல. ஆனால் அவை கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நாம் நினைத்துவிடுகிறோம். உண்மையான அதிகாரம் நாற்காலிக்குப் பின்னால் மூன்று இடங்களில் இருக்கிறது: வங்கிக் கணக்கில், ஏலத்தில், கடைத்தெருவில். தங்கை நோட்டீஸில் எழுத வேண்டியது இந்த மூன்றையும் பற்றித்தான்.

முதலில் கையெழுத்து

தமிழ்நாட்டில் ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க, தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்புதல் தர வேண்டும். தலைவர் பதவி தனித்தொகுதி ஆகலாம், துணைத் தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு கிடையாது. அவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் தலைவர் ஒரு குழாய் மாற்ற வேண்டும் என்றாலும், துணைத் தலைவர் கையெழுத்துப் போடாமல் ஆறு மாதம் இழுத்தடிக்க முடியும். பிறகு, "பாருங்க, இவங்க வந்தா வேலையே நடக்காது" என்று ஊர் பேசும்.

ஆகவே தலைவருக்கு மட்டும் ஓட்டுக் கேட்டுப் பயனில்லை. எந்த வார்டில் யார் நிற்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் நம்மோடு நிற்பார்கள் என்பதை முதல் நாளிலிருந்தே கணக்குப் பார்க்க வேண்டும். காலனிக்கு வெளியே உள்ள நல்லவர்களையும், எல்லாச் சமூகத்து ஏழைகளையும் சேர்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நாகநாதர் கோயிலுக்கு இஸ்லாமியரும் வந்து வணங்கும் ஊர் இது. கோயில் வாசலில் சேர்ந்து நிற்கிறவர்களால் ஊராட்சியிலும் சேர்ந்து நிற்க முடியும்.

நிதிக்கும் வரம்பு உண்டு. 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. மீதி 40 விழுக்காட்டில்தான் ஊராட்சி தன் விருப்பப்படி திட்டம் போட முடிந்தது. வீட்டுவரி, தொழில்வரி, ஏல வருமானம் போன்ற சொந்த வருவாய் உயர்ந்தால்தான் தலைவர் கை ஓங்கும். ஊரில் தொழில் வளர்ந்தால்தான் அந்த வருவாய் உயரும். நிர்வாகமும் தொழிலும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள்.

ஏலம் யாருக்கு?

நம் பக்கத்தில் ஊரின் பொதுச்சொத்து என்றால் கண்மாய் மீன்பாசி, கருவேல மரம், புளியமரம், கடை வாடகை. ஆண்டுதோறும் ஏலம் போகும். ஏலச் செய்தியை அந்தக் காலத்தில் தெருத்தெருவாகப் பறையடித்துச் சொன்னவர்கள் நம் தாத்தாக்கள். ஏலம் கேட்டவர்கள் வேறு ஆட்கள். 2022 ஆகஸ்டில் அரசு தண்டோரா முறைக்குத் தடை விதித்தது. நல்லது. ஆனால் பறை நின்ற பிறகு பல ஊர்களில் ஏலச் செய்தி நம் தெருவுக்கு வருவதும் நின்றுவிட்டது. முதல் நாள் இரவே பேசி முடித்துவிட்டு, மறுநாள் பேருக்கு ஏலம் நடத்துகிறார்கள்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஏல நாளைப் பதினைந்து நாள் முன்பே காலனியிலும் ஒலிபெருக்கியில் சொல்வேன், பலகையில் எழுதி வைப்பேன், முன்வைப்புத் தொகை எவ்வளவு என்பதையும் சொல்வேன், ஏலம் போன தொகையைக் கிராம சபையில் வாசிப்பேன் என்று வேட்பாளர் எழுதிக் கொடுக்கலாம். தனியொருவரால் கட்ட முடியாத முன்வைப்புத் தொகையை ஒரு மகளிர் குழு கட்ட முடியும். 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அங்கே பேச வேண்டியதை ஒன்றியக் கவுன்சிலராக நிற்கும் நம் ஆட்களிடம் சொல்லி வைக்க வேண்டும்.

கருவேல மரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்ற உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நிலத்துக்கும் நீருக்கும் அது கேடு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நிலமில்லாத நம் சனத்துக்கு அந்த மரந்தான் பல பஞ்ச காலங்களில் சோறு போட்டது. வெட்டி, அடுக்கி, மண் போட்டு மூடி, இரவெல்லாம் புகையில் காவல் இருந்து கரிமூட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள். மரத்தை ஏலம் எடுப்பவரும் கரியை லாரியில் ஏற்றி விலை வைப்பவரும் வேறொருவர். மரம் போகும்போது வேலையும் போகும். அந்த நிலத்தில் அடுத்து என்ன நடுவது, அது யார் பேரில் இருக்கும் என்ற கேள்விக்கு நோட்டீஸில் ஒரு வரியாவது பதில் வேண்டும்.

குத்தம்பாக்கம் செய்து காட்டியது

"ஊராட்சித் தலைவருக்கும் தொழிலுக்கும் என்னண்ணே சம்பந்தம்?" என்று தங்கை கேட்டார். அதற்குத்தான் குத்தம்பாக்கம் இளங்கோவின் கதையைச் சொன்னேன்.

சென்னைக்கு மேற்கே, இப்போது புதிய பேருந்து முனையம் எழுந்திருக்கும் அதே குத்தம்பாக்கம்தான். அங்கே தலித் குடும்பத்தில் பிறந்த இளங்கோ ரங்கசாமி வேதிப் பொறியியல் படித்தவர். மத்திய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். 1996-இல் ஊராட்சித் தலைவரானார். சாராயம் காய்ச்சுவதற்குப் பேர் போன ஊர் அது. சாதிச் சண்டையும் இருந்தது.

அவர் முதலில் பார்த்தது, ஊர் எதை விற்கிறது, எதை வாங்குகிறது என்ற கணக்கு. நெல்லாக விற்று அரிசியாக வாங்குகிறோம். கடலையாக விற்று எண்ணெயாக வாங்குகிறோம். நடுவில் கிடைக்கும் லாபமும் வேலையும் ஊருக்கு வெளியே போய்விடுகின்றன. அன்றாடத் தேவைகளில் பெரும்பகுதியை ஊரிலேயே, அல்லது பக்கத்து ஊர்களோடு சேர்ந்து செய்ய முடியும் என்றார். ஊராட்சிப் பணிகளுக்கும் உள்ளூர்ப் பொருளையும் உள்ளூர்க் கைகளையும் பயன்படுத்தினார். அங்கே அமைந்த சமத்துவபுரத்தில் இரட்டை வீடுகள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் தலித் குடும்பம், அந்தப் பக்கம் பிற சாதிக் குடும்பம். உள்ளூர் மண்ணில் செய்த கற்களால் ஊராரே கட்டினார்கள். வீட்டோடு வேலையும் வந்தது, சாதித் தெருவும் உடைந்தது.

இதற்கு அவரும் விலை கொடுத்தார். வழக்கமான ஒப்பந்த முறைக்கு மாறாக, கிடைத்த கழிவுக் கல்லைக் கொண்டு குறைந்த செலவில் வடிகால் கட்டியது விதிமீறல் என்று புகார் எழுந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். அப்போது கிராம சபை அவர் பக்கம் நின்றது. மீண்டும் பதவிக்கு வந்தார். 2001-இல் மறுபடி வென்றார். கணக்கைக் கிராம சபையில் ஒளிக்காமல் வைக்கிற தலைவருக்கு அந்தச் சபையே கவசம்.

முண்டு வத்தலும் நம் கையும்

குத்தம்பாக்கம் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிறது, நாமோ வானம் பார்த்த பூமி என்று சொல்லலாம். நியாயம்தான். ஆனால் அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழம் பறிப்பதும் களத்தில் காயவைப்பதும் காம்பு கிள்ளுவதும் பெரும்பாலும் நம் பெண்களின் கூலி வேலை. வத்தல் மூட்டையாக வெளியே போகிறது. அதே மிளகாய் பொட்டலத் தூளாக நம் பெட்டிக்கடைக்குத் திரும்பி வருகிறது.

புவிசார் குறியீட்டின் பெயரைப் போட்டு விற்க, உற்பத்தியாளர் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்ய வேண்டும். தூள் அரைத்து விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும். இவை நம் பெண்களால் செய்ய முடியாதவை அல்ல, வழி சொல்ல ஆள் இல்லாதவை. பூட்டிக் கிடக்கும் ஊராட்சிக் கட்டடம் ஒன்றை அரவை எந்திரத்துக்கு வாடகைக்குத் தர ஊராட்சி தீர்மானம் போடலாம்.

கடனுக்கும் வழி இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்காகத் தமிழக அரசு 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில், திட்ட மதிப்பில் 35 விழுக்காடு மானியம் உண்டு. உச்சவரம்பு ஒன்றரைக் கோடி ரூபாய். வட்டியில் 6 விழுக்காடு மானியம் தனி. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். தாட்கோவிலும் மானியக் கடன் இருக்கிறது. வங்கியில் "அடமானம் என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். அங்கேதான் நம் பிள்ளைகள் திரும்பி வந்துவிடுகிறார்கள். தலைவரால் கடன் தர முடியாது. ஆனால் தொழில் மைய அலுவலரையும் வங்கி மேலாளரையும் ஊருக்கே வரவழைத்து முகாம் நடத்தலாம். திரும்பிவந்த விண்ணப்பங்களுக்குக் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். தலைவராக இருப்பவர் கேட்டால் அந்தக் கேள்விக்கு எடை கூடும்.

படித்த பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போகாமல் இருக்கவும் ஒரு வழி வேண்டும் என்கிறோம்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த சபைக்குப் போய், போன ஆண்டு மீன்பாசி எவ்வளவுக்குப் போனது என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். பதிவேட்டில் அது எழுதப்படுகிறதா என்று பாருங்கள்.

தேநீர் ஆறிவிட்டது. தங்கை தன் நோட்டுப் புத்தகத்தில் ஐந்து வரி எழுதியிருந்தார். முதல் வரி, "ஏல நாள் காலனியிலும் அறிவிக்கப்படும்." கடைசி வரி, "கணக்கு கிராம சபையில் வாசிக்கப்படும்." ரோடும் லைட்டும் தண்ணியும் நடுவில் இருந்தன.

"இது போதுமாண்ணே?" என்றார்.

"இதை நோட்டீஸ்ல மட்டும் வச்சுக்கிடாத தங்கச்சி. ஜெயிச்சதும் ஊராட்சி ஆபீஸ் சுவத்துல எழுதி வை" என்றேன்.