திட்டம் நடத்தும் தொழில்

கண்டி நகரத்தின் தென்கிழக்கே, மலைச்சரிவில் அமைந்தது அம்பிட்டிய. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் குருமாரைப் பயிற்றுவிப்பதற்கென 1893ஆம் ஆண்டிலே தொடங்கி, 1955இல் பூனாவுக்கு மாற்றப்பட்ட பாப்பரசரின் குருத்துவக் கல்லூரி இருந்த இடமாகவே வெளியுலகம் இவ்வூரை நெடுங்காலம் அறிந்திருந்தது. இன்று இவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும் பாடசாலைக் கல்வியை முடிக்கும் பிள்ளைகள் பத்திரிகை விளம்பரங்களைப் புரட்டும்போது, அவர்தம் பாட்டன்மார் அறிந்திராத ஒரு தொழிற்பெயரைக் காண்கின்றனர். கருத்திட்ட முகாமையாளர் என்பதே அப்பெயர். ஆசிரியர், எழுதுவினைஞர், வைத்தியர் என்றால் வேலை இன்னதென்று விளங்கும். கருத்திட்ட முகாமையாளர் செய்யும் வேலைதான் யாது?

கருத்திட்டம் என்பது தொடக்கமும் முடிவும் உடைய ஒரு முயற்சி. அதற்கென ஒதுக்கிய பணமும் காலமும் அளவுபட்டவை. பாலம் கட்டுதல், பாடசாலைக்குக் குடிநீர் கொண்டுவருதல், ஒரு கணினி முறைமையை அமைத்தல் ஆகிய யாவும் கருத்திட்டங்களே. அதனை நடத்துபவர் எந்த வேலை முந்தி, எந்த வேலை பிந்தி என்று வரிசைப்படுத்துகிறார்; செலவைக் கணக்கிடுகிறார்; தவறு நேரக்கூடிய இடங்களை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கிறார். இதற்கெனப் பல கருவிகள் தோன்றின. ஹென்றி காண்ட் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் பெயரால் வழங்கும் பட்டை வரைபடம் முதலாம் உலகப் போர்க் காலத்திலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. 1950களின் பிற்பகுதியில், ஒன்றை ஒன்று எதிர்பார்த்து நிற்கும் வேலைகளின் சங்கிலியைக் கணக்கிடும் முறைகள் வகுக்கப்பட்டன. 1969இல் அமெரிக்காவில் இத்தொழிலுக்கென ஒரு நிறுவகமும் எழுந்தது. அது வழங்கும் சான்றிதழை இன்று இலங்கை இளைஞரும் பரீட்சை எழுதிப் பெறுகின்றனர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இத்துறையில் முதுமாணிப் பட்டமும் உண்டு.

இவையெல்லாம் கற்க வேண்டியவையே. ஆயினும் உளியைப் பிடிக்கக் கற்றவன் தச்சனாகிவிடுவதில்லை. ஒரு திட்டம் யாருக்காக நடக்கிறதோ அவரையும், யாரைக்கொண்டு நடக்கிறதோ அவரையும் நடுவில் வைத்துப் பணிசெய்வது வேறொரு பயிற்சி. அதனை விளக்கப் பிறநாட்டு உதாரணங்களைத் தேடி அலையவேண்டியதில்லை. கண்டியைச் சுற்றி ஓடும் மகாவலி கங்கையின் கரையிலேயே தொடங்கலாம்.

மகாவலி அபிவிருத்திக்கான பெருந்திட்டம் 1960களின் இறுதியில் வகுக்கப்பட்டபோது, அதனை முடிக்க 30 ஆண்டுகள் செல்லும் என மதிப்பிட்டனர். 1977இல் பதவிக்கு வந்த அரசாங்கம் அதன் முக்கிய பகுதிகளை ஆறே ஆண்டுகளில் முடிக்கத் தீர்மானித்தது. கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகலை, மாதுறு ஓயா என அணைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பிரித்தானிய உதவியுடன் கட்டப்பட்ட விக்டோரியா அணை 122 மீற்றர் உயரமானது. அதன் மின்னிலையம் 210 மெகாவாற் ஆற்றலுடையது. நாட்டின் நீர்மின் நிலையங்களுள் இதுவே பெரியது. 1985ஆம் ஆண்டு ஏப்ரலில் அது திறந்து வைக்கப்பட்டது. பொறியியல் நோக்கில் இது பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. கண்டியிலே இரவில் விளக்கேற்றும் எவரும் அதனைக் குறைகூற முடியாது.

ஆனால் அந்த நீர்த்தேக்கத்தின் அடியிலே பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது. கடைவீதியும் வழிபாட்டிடங்களும் வயல்களும் அமிழ்ந்தன. நகரம் மேட்டுநிலத்துக்கு மாற்றப்பட்டது. பல்லாயிரம் மக்கள் இடம்பெயர்ந்தனர். கடும் வறட்சியில் நீர்மட்டம் தாழும்போது பழைய கட்டடங்களின் எச்சங்கள் வெளித்தோன்றும். அங்கே பிறந்தவர்கள் அவற்றைப் பார்ப்பதற்கென்றே வருவதுண்டு. அணையின் நாளாந்த அறிக்கையிலே எத்தனை கனமீற்றர் கொங்கிறீற்று இடப்பட்டது என்று எழுதலாம். புதிய இடத்திலே ஒரு குடும்பம் வேரூன்றிவிட்டதா என்பதற்கு எந்தப் பட்டை வரைபடத்திலும் ஒரு பட்டை இல்லை.

கொத்மலையில் இடம்பெயர்ந்தோருக்கு ஒரு தெரிவு கொடுக்கப்பட்டது. அண்மையிலேயே தேயிலைக் காணி பெற்று மலைநாட்டில் தங்கலாம். அல்லது வறண்ட வலயத்தின் மகாவலிக் குடியேற்றங்களில் இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேட்டுக்காணியும் பெறலாம். கூடுதலான காணியா, பழகிய குளிரும் உறவினரும் சூழ்ந்த மண்ணா என்று ஒவ்வொரு குடும்பமும் தானே எண்ணித் தீர்மானிக்க வேண்டியிருந்தது. தெரிவு இருந்ததே ஒரு நன்மை. எனினும் நீர் உயரும் நாள் குறிக்கப்பட்ட பின்னர் கேட்கப்படும் கேள்விக்கும், வரைபடம் வரையுமுன் கேட்கப்படும் கேள்விக்கும் வேற்றுமை பெரிது. முப்பது ஆண்டை ஆறாகச் சுருக்கும்போது முதலில் சுருங்குவது கேட்பதற்கான காலமே.

கேட்பதற்குக் காலம் ஒதுக்கிய ஒரு திட்டமும் இந்நாட்டில் நடந்ததுண்டு. அது கல்லோயாவில் நடந்தது.

கல்லோயா அபிவிருத்திச் சபை 1949இல் அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் அணை கட்டப்பட்டுச் சேனாநாயக்க சமுத்திரம் உருவாகியது. கண்டி, கேகாலை முதலிய நெருக்கமான மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் புதிய குடியேற்றங்களில் இருத்தப்பட்டன. இடதுகரைப் பிரதான வாய்க்கால் நெடுந்தூரம் செல்வது. அதன் தலைப்பக்கத்தில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள் இருந்தனர். கடைப்பக்கத்தில் தமிழ் பேசும் கமக்காரரின் வயல்கள் பல இருந்தன. 1956ஆம் ஆண்டிலே அப்பிரதேசத்தில் இனக்கலவரம் நிகழ்ந்து உயிர்கள் பலியாயின என்பதையும் மறந்துவிடலாகாது. தலைப்பக்கத்தார் வேண்டிய மட்டும் நீர் எடுத்தனர். கடைப்பக்கத்தார்க்குச் சிறுபோகத்தில் நீர் வருவது அதிட்டத்தைப் பொறுத்ததாயிற்று. மதகுக் கதவுகள் பல உடைந்து கிடந்தன. வாய்க்கால்களில் புல்லும் மண்ணும் அடைந்திருந்தன. கமக்காரர்கள் கதவை உடைப்பவர்கள் என்று உத்தியோகத்தர்கள் கருதினர். உத்தியோகத்தர்கள் நீரை மறிப்பவர்கள் என்று கமக்காரர்கள் கருதினர். இருவர் கருத்துக்கும் ஆதாரம் இருந்தது.

1979 அளவில் அமெரிக்க உதவியுடன் இடதுகரையைப் புனரமைக்கும் கருத்திட்டம் வகுக்கப்பட்டது. வாய்க்கால் திருத்துவதே அதன் பெரும் வேலை. ஆயினும் கமக்காரரை ஒழுங்குபடுத்தும் ஒரு பகுதியும் அதிலே சேர்க்கப்பட்டு, கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகம் துணைநின்றது. நோர்மன் அப்ஹொஃப் என்ற பேராசிரியர் அங்கிருந்து பன்முறை வந்து, தாம் கண்டவற்றைப் பின்னர் 1992இல் ஒரு நூலாகவும் வெளியிட்டார்.

1981ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுமார் முப்பது இளம் பட்டதாரிகள் அங்கே அனுப்பப்பட்டனர். ஆண்களும் பெண்களுமாகிய இவர்களுக்கு அமைப்பாளர் என்று பெயர். பலர் கிராமங்களிலே பிறந்து வளர்ந்தவர்கள். இவர்கள் செய்த முதற்காரியம், சங்கம் அமைக்காமல் இருந்தது. நம் நாட்டிலே ஒரு பொதுவேலை என்றால் முதலில் கூட்டம், பிறகு தலைவர், செயலாளர், தனாதிகாரி தெரிவு, பிறகு ஒரு முத்திரை, அதன்பின் உறக்கம். இம்முறை அதுவன்று. அமைப்பாளர் ஊரிலே தங்கி வீடு வீடாகச் சென்றனர். வயல் வரம்பிலே நின்று பேசினர். எந்த வாய்க்காலில் யாருக்கு என்ன குறை என்று எழுதிக்கொண்டனர். ஒரே சிறுவாய்க்காலில் நீர் எடுக்கும் பத்து முதல் இருபது வரையான கமக்காரர் ஒருங்கே கூடி, தம்மால் உடனே செய்யக்கூடிய ஒன்றைச் செய்தனர். புல் வெட்டினர், முறைவைத்து நீர் பாய்ச்சினர். வேலை நடந்து, யார் சொல்லை மற்றவர்கள் கேட்கிறார்கள் என்பது தெளிவான பின்னரே பிரதிநிதி தெரிவானார். வாக்கெடுப்பால் அன்று, எல்லோரும் ஒருமித்த கருத்தால். அவருக்குச் சம்பளம் கிடையாது.

கல்லோயாக் கமக்காரரைப் பற்றி நல்லெண்ணம் கொண்டவர் அக்காலத்தில் மிகச் சிலரே. பத்துப் பதினைந்து பேரையாவது சேர்ந்து வேலை செய்ய வைத்தால் அதுவே பெரிய காரியம் என்று மாவட்ட நிருவாகத்தில் பேசப்பட்டது. அந்தச் சிறுபோகத்தில் சமுத்திரத்தில் நீர் காற்பங்களவே இருந்தது. அமைப்பாளர்கள் ஏங்கியிருக்கவேண்டும், இத்தகைய ஆண்டில் நீருக்காக வெட்டுக்குத்து நிகழ்வதே வழக்கம். ஆனால் சில வாரங்களுக்குள் பல சிறுவாய்க்கால்கள் சிரமதானத்தால் துப்புரவாயின, முறைப்பாசனம் தொடங்கிற்று, தம் பங்கு நீரில் ஒரு பகுதியை மிச்சப்படுத்திக் கீழுள்ளவர்க்கு விட்ட குழுக்களும் தோன்றின. நீர் பெற்றவர்களுள் வேற்று மொழி பேசுவோரும் இருந்தனர்.

இதிலே மந்திரம் ஒன்றுமில்லை. மனிதர் திடீரென நல்லவராகிவிட்டனர் என்று கூறுவதும் பொருந்தாது. தலைப்பக்கத்துக் கமக்காரன் தன் வயலில் நீரைத் தேக்கிவைத்தது பேராசையால் மட்டுமன்று. அடுத்தமுறை நீர் வருமோ வராதோ என்ற அச்சத்தால். முறை தவறாது என்று கண்ட பின்னர் தேக்கி வைக்கவேண்டிய தேவை குறைந்தது. கீழ்ப்பகுதியில் பயிர் கருகுவதை நேரிற் பார்க்க அழைத்துச் செல்லப்பட்டபோது, இரக்கம் என்பதும் வேலைசெய்யத் தொடங்கிற்று. இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் நம்பித் திட்டம் வகுத்தோர் பலர் ஏமாந்திருக்கின்றனர்.

பொறியியலாளரின் போக்கும் மாறியது. வாய்க்காலைத் திருத்துமுன் கமக்காரருடன் கூடவே நடந்து, மதகு எங்கே வேண்டும், எந்த மேட்டுக்கு நீர் ஏறாது என்று கேட்டு வரைபடத்தைத் திருத்தும் வழக்கம் ஏற்பட்டது. முப்பது ஆண்டுகளாக அந்நீரோடு மல்லுக்கட்டியவனுக்குத் தெரிந்தது அளவைக் கருவிக்குத் தெரியாதிருக்கலாம் என்பதை ஒரு பொறியியலாளர் ஒப்புக்கொள்வது எளிதன்று. ஒப்புக்கொண்டவர்கள் பாராட்டுக்குரியர்.

சிறுவாய்க்கால் குழுவின் மேல் கிளைவாய்க்கால் அமைப்பும், அதன்மேல் பிரதேச சபையும், உச்சியில் உத்தியோகத்தரும் கமக்காரப் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் அமரும் குழுவும் வளர்ந்தன. 1984 முதல் நாட்டின் பெரிய நீர்ப்பாசனக் குடியேற்றங்களுக்குக் கருத்திட்ட முகாமையாளர்கள் நியமிக்கப்பட்டனர். நீர்ப்பாசனம், கமத்தொழில், காணி எனத் தனித்தனியே இயங்கிய திணைக்களங்களைக் கமக்காரரோடு ஒருங்கிணைப்பதே அவர் கடமை. அவருக்குத் திணைக்களத் தலைவரைக் கட்டளையிடும் அதிகாரம் அதிகமில்லை. இணங்கச் செய்யும் திறமையே அவர் முதல். 1988இல் கமக்காரர் பங்குபற்றும் நீர் முகாமைத்துவம் அரசாங்கக் கொள்கையாகவும் ஏற்கப்பட்டது.

கதையின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஊரையே கற்றுத் தேர்ந்த அந்த அமைப்பாளர்களின் பதவி தற்காலிகமானது. நிரந்தர உத்தியோகம் என்ற நிச்சயம் கொடுக்கப்படவில்லை. அரசாங்கம் பட்டதாரிகளை ஆசிரியராகச் சேர்த்தபோது அவர்கள் தொகையாக விலகிப் போயினர். பாடசாலைகளுக்கு அது இலாபம், கல்லோயாவுக்கு நட்டம். புதியவர்கள் வந்து மீண்டும் வீடு வீடாக நடக்கவேண்டியதாயிற்று. மனிதரை முன்வைப்பதாகச் சொன்ன கருத்திட்டம் தன் சொந்த ஊழியரை அவ்வாறு எண்ணவில்லை என்பது வருந்தத்தக்க முரண்பாடு. இன்றும் இத்தொழிலிற் பெரும்பாலான நியமனங்கள் இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தங்களே. இதில் இறங்க எண்ணும் இளைஞரும் அவர்தம் பெற்றோரும் இதனை அறிந்தே இறங்கவேண்டும்.

ஆயினும் விதைத்தது முற்றிலும் வீண்போகவில்லை. 1997ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில், நெல் விளைவிக்கப் போதிய நீர் சமுத்திரத்தில் இல்லை என்று கல்லோயாக் கமக்காரருக்கு அறிவிக்கப்பட்டது. நாட்டிலே போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அமைப்புகள் கூடின, உள்ள நீரைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதென முடிவு செய்தன. சுமார் 65,000 ஏக்கர் நிலத்தில், தலைப்பக்கத்துச் சிங்களக் கமக்காரரும் கடைப்பக்கத்துத் தமிழ்க் கமக்காரரும் வழக்கத்தினும் நல்ல விளைவையே பெற்றனர். அமெரிக்கப் பேராசிரியரும், அமைப்பாளரை வழிநடத்திய சி. எம். விஜயரத்னவும் இதனைப் பின்னர் ஆராய்ந்து எழுதினர்.

அம்பிட்டியவிலோ அயலூர்களிலோ கலைப்பிரிவிற் படிக்கும் மாணவர், முகாமைத்துவம் கணிதமும் பொறியியலும் கற்றவர்க்கே உரியது என்று ஒதுங்கிவிடத் தேவையில்லை. கணக்குப் பார்க்கவும் கால அட்டவணை வகுக்கவும் ஓரிரு ஆண்டுப் பயிற்சியிற் கற்கலாம். வரலாறும் புவியியலும் படித்த ஒருவர், ஓர் ஊரின் காணி ஏன் இவ்வாறு பிரிந்து கிடக்கிறது என்று கேட்கப் பழகியிருப்பார். அதுவும் கருத்திட்டத்துக்கு மூலதனமே. எல்லாவற்றினும் மேலாக மொழி. கல்லோயாவில் தலைப்பக்கத்துச் செய்தியைக் கடைப்பக்கத்துக்கு எடுத்துச் செல்பவருக்கு இரு மொழியும் தெரியாமற் போனால், வழியிலே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வந்ததும் வரம்பிலே நின்று பேசும் பேச்சு கந்தோர்ப் பேச்சாகிவிடும். கண்டிப் பகுதியில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களம் கடைத்தெருவிலேயே காதில் விழுகிறது. அதனைப் பிழையற எழுதவும் கற்றுக்கொண்டால், இத்தொழிலுக்கு விண்ணப்பிக்கும்போது பட்டச் சான்றிதழுக்கு அடுத்த தாளாக அதனை இணைக்கலாம்.