டீசல் வண்டியும் ஒரு தோள்பட்டையும்

டீசல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்கு மேலூர் பக்கம் வயலில் 'தடதட'வென்று தண்ணீர் இறைக்கிற மோட்டார். அப்புறம், மாட்டுத்தாவணியில் கரும்புகை கக்கியபடி கிளம்பும் பஸ். அந்த டீசலில் ஓடின கார் ஒன்று உலகப் பெரிய ரேஸில் ஜெயித்தது என்று சொன்னதும், என் பைக்கைப் பிரித்துப் போட்டிருந்த மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, காலங்காத்தால கதை விடாதீங்க!"

கதையில்லை சார். பிரான்ஸில் லெ மான்ஸ் என்ற ஊரில் நடக்கிறது அந்த 24 மணி நேர ரேஸ். சனிக்கிழமை கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமைவரை வண்டி தாக்குப்பிடிக்க வேண்டும். டிரைவர்கள் மாறலாம், கார் மாறக் கூடாது. 2006-ல் அங்கே முதலில் வந்தது ஆடி கம்பெனியின் 'ஆர் 10'. லெ மான்ஸில் ஜெயித்த முதல் டீசல் கார் அதுதான். 380 சுற்று, 5,187 கிலோமீட்டர். மதுரையிலிருந்து சென்னைக்கு ஐந்து தடவை போய்வந்துவிட்டு, ஆறாவது தடவையும் சென்னை போய் இறங்கலாம். அதுவும் ஒரே நாளில்!

அந்தக் காரை உருவாக்கினது லேசுப்பட்ட வேலையில்லை. 5.5 லிட்டர், 12 சிலிண்டர், 2 டர்போ, 650 குதிரை சக்திக்கு மேல். டீசல் எஞ்சினுக்குள் அழுத்தம் ஜாஸ்தி. அதைத் தாங்க எஞ்சின் கனமாக இருந்தாக வேண்டும். கனம் கூடினால் வண்டி வளைவில் சொன்னபடி கேட்காது. அதனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே நீளத்தைக் கூட்டினார்கள். புகைக்கு ஃபில்டர் வைத்தார்கள். கடைசியில் பார்த்தால், ரேஸ் காருக்கே உரிய அலறல் காணோம். பூனை மாதிரி போனது.

ரேஸில் இரண்டு சாதி உண்டு. கார் தயாரிக்கிற கம்பெனியே இறங்கினால் ஃபேக்டரி டீம். அவர்கள் காரை எடுத்து வேறொருவர் ஓட்டினால் கஸ்டமர் டீம். பல சமயம் புது மாடல் ஃபேக்டரிக்கு, போன மாடல் கஸ்டமருக்கு. அண்ணன் சட்டை தம்பிக்கு வருகிற கணக்குதான். பி.காம். படித்த எனக்கு இது உடனே புரிந்துவிட்டது.

ஆனால் தம்பி எப்போதும் ஏமாளியில்லை. இதற்கு முந்தின 'ஆர் 8' காரை வைத்துக்கொண்டு 2004-ல் ஜப்பானின் கோ அணியும், 2005-ல் அமெரிக்காவின் சாம்பியன் அணியும் லெ மான்ஸில் ஜெயித்தன. அந்தக் காரில் கியர்பாக்ஸ், சஸ்பென்ஷனோடு பின்பாகம் முழுசையும் ஒரே செட்டாகக் கழற்றி, சில நிமிஷத்தில் வேறு மாட்டலாம்.

"அத டிசைன் பண்ணவன் கையில கிரீஸ் பட்டவன் தம்பி," என்றார் அண்ணன். "இங்க ஒரு போல்ட்டைக் கழட்ட பாதி வண்டியப் பிரிக்க வேண்டியிருக்கு."

2006, 2007, 2008 என்று மூன்று வருஷம் ஜெயித்த 'ஆர் 10', 2009-ல் தம்பிக்கு வந்தது. ஃபேக்டரிக்குப் புது 'ஆர் 15'. கோலஸ் என்ற தனியார் அணிக்கு இரண்டு 'ஆர் 10'. அதில் ஒன்றை ஓட்ட மூன்று பேர். ஒருவர் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன்! 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஜோர்டான் அணிக்கு ஓட்டியவர். அப்போது அந்த அணியை நடத்தியவரும் இதே காலின் கோலஸ்தான்.

ரேஸ் தொடங்கக் கொஞ்ச நேரமே இருந்தது. டிராக் ஓரத்துச் சுவரிலிருந்து நரேன் தவறி விழுந்தார். தோள்பட்டை இறங்கிவிட்டது. கியர்பாக்ஸுக்கு ஸ்பேர் உண்டு. தோளுக்கு எங்கே போவது? டாக்டர்கள் 'முடியாது' என்றுவிட்டார்கள்.

மிச்சம் இரண்டே பேர். ஸ்வோல்ஸ்மனும், லெ மான்ஸுக்கே புதுசான லோட்டரரும் 24 மணி நேரத்தைப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டு ஓட்டினார்கள். பழைய மாடல் கார் ஏழாவதாக வந்து சேர்ந்தது. ஆடி சும்மா இருக்குமா? லோட்டரரை 2010-ல் ஃபேக்டரி டீமுக்கே கூப்பிட்டுக்கொண்டது. 2011, 2012, 2014... மூன்று தடவை லெ மான்ஸ் ஜெயித்தார் மனிதர். 2012-ல் சென்னைக்காரர் கருண் சந்தோக் அங்கே இன்னொரு தனியார் அணியில் ஓட்டி ஆறாவதாக வந்தார். நரேன் விட்ட இடம் அது.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. செயினுக்கு ஆயில் விட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அந்தத் தம்பிக்குத் தோளு சரியாயிருச்சா?"

"ஆயிருச்சுண்ணே. 2011-ல மறுபடி ஃபார்முலா ஒன்னே ஓட்டுனாரு."